காலமானவர் போட்ட தரை

முதலாளி என்று அவரை இன்னும் அழைக்கிற ஆள் உலகத்தில் ஒருவர்தான். அவர் டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. அந்த அழைப்பு கேலியா மரியாதையா என்பது மேஸ்திரிக்கே தெரியாது. "முதலாளி, அந்தச் சட்டியக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க" என்பார். முதலாளி தள்ளுவார். ஐந்து வருடத்துக்கு முன்பு இதே மேஸ்திரி இவருடைய டைல்ஸ் கடையில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கமிஷன் கேட்டவர். எல்லாம் தலைகீழாகப் புரண்ட பிறகும் மேஸ்திரி பழைய பெயரை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நாமும் அப்படியே அழைப்போம், குறைந்தா போய்விடுவோம்?

கடை எப்படிப் போனது என்று விலாவாரியாகச் சொன்னால் உங்களுக்குக் கொட்டாவி வரும். கட்டடக்காரர்களுக்குக் கடனுக்குச் சரக்கு கொடுத்தார். கொடுப்பதற்குக் கடன் வாங்கினார். அதை அடைக்க இன்னொரு கடன். ஒருநாள் பெரிய கட்டடக்காரர் ஒருவர் கம்பி நீட்டினார், அவ்வளவுதான். கடையையும் வீட்டையும் விற்றும் பள்ளம் நிறையவில்லை. கடைசியில் கோர்ட்டுக்குப் போய் நான் திவாலாகிவிட்டேன் என்று தானே எழுதிக் கொடுத்தார். இழுத்தடித்து, எட்டு மாதத்துக்கு முன்புதான் உத்தரவு வந்தது. பழைய கடனுக்காக இனி யாரும் இவரைக் கேட்கக்கூடாது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, அன்றைக்குப் பகல் முழுக்க அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

உத்தரவு வந்தது சரி. அது முதலாளியின் உடம்புக்கு வந்து சேரவில்லை.

கடை மூடியதிலிருந்து கோர்ட்டுக்குப் போகும்வரை இரண்டு வருடம் அவர் வாடகை வீட்டின் பின்னறையில் இருந்தார். இருந்தார் என்பதே வெளியே தெரியாமல் இருந்தார். பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடக்கப் பழகினார். குழாய்த் தண்ணீர் வாளியில் விழுந்து சத்தம் போடாமலிருக்க, பக்கச் சுவரோடு நூல்போல ஒழுகவிட்டார். தும்மல் வந்தால் தலையணைக்குள் தும்மினார். கதவு தட்டப்பட்டால் முதலில் மின்விசிறி நிற்கும், பிறகு மூச்சு நிற்கும், பிறகு மகள் போய்க் கதவைப் பாதி திறப்பாள்.

பாப்பாவுக்கு அப்போது பதினொரு வயது. கெட்டிக்காரி. "அப்பா வெளியூர் போயிருக்காங்க அங்கிள். வர பத்து நாள் ஆகும்னாங்க" என்று கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொல்வாள். யாருக்கு என்ன சொன்னோம் என்று குழம்பிவிடக் கூடாதல்லவா, அதற்காகக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். மார்பிள்காரர் என்றால் வெளியூர். வட்டிக்காரர் என்றால் ஆஸ்பத்திரி. லாரிக்காரர் என்றால் அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டார். பின்னறையில் இருட்டில் உட்கார்ந்து தான் எங்கெங்கே இல்லை என்று கேட்டுக்கொண்டிருப்பார் முதலாளி. மகளைப் பற்றி ஒரு தகப்பன் வெட்கப்பட வேண்டியதையும் பெருமைப்பட வேண்டியதையும் அவர் ஒன்றாகவே அனுபவித்தார். இப்போது அவளுக்குப் பதினாறு. வீட்டில் அதிகம் பேசமாட்டாள். கேட்டதற்குப் பதில் உண்டு, அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

மேஸ்திரியிடம் வேலைக்குச் சேர்ந்தபோது பழைய பழக்கமெல்லாம் கூடவே வந்தது. "ஏன் முதலாளி, காலடிச் சத்தமே இல்லாம வந்து பின்னாடி நிக்கிறீங்க? பாதி உசிரு போயிடுது எனக்கு" என்று மேஸ்திரி திட்டுவார். அதைவிடப் பெரிய தொல்லை தட்டிப் பார்ப்பது. ஒட்டிய டைல்ஸ் ஒவ்வொன்றையும் மறுநாள் சுத்தியல் பிடியால் தட்டிக் காது கொடுக்க வேண்டும். அடியில் கலவை நிறைந்திருந்தால் சத்தம் கனமாக இருக்கும். எங்காவது காற்று நின்றிருந்தால் டொக் என்று வெற்றுச் சத்தம் வரும். அதைப் பெயர்த்து மறுபடி வைக்க வேண்டும். தட்டுகிற சத்தம் கேட்டாலே மூச்சை அடக்கிக்கொள்கிற மனிதருக்கு நாளெல்லாம் தட்டுவதே பிழைப்பானது. "பூவாலயா தட்டுறீங்க? ஓங்கித் தட்டுங்க!" என்பார் மேஸ்திரி.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கண்டக்டர் வீட்டு வேலை வந்தது.

தெருக்கோடியில் சின்னதாக ஒரு வீடு. சுவருக்கு வெள்ளை அடித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, எல்லாம் லட்சணமாக இருந்தது. தரை மட்டும் வெறும் சிமெண்ட். ஐந்து வருடமாக அதன்மேல் பாய் விரித்துக் காலம் தள்ளியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தூசிக்குப் பயந்து மனைவியை மகன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தனியாக நின்று வேலையைப் பார்த்துக்கொண்டார். முதல் நாள் மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்க அவர் கையை நீட்டியபோது முதலாளி பார்த்தார். நோட்டுகள் நீளவாக்கில் மடிக்கப்பட்டு, விரல் இடுக்குகளில் சொருகப்பட்டு இருந்தன. பஸ்ஸில் சில்லறை கொடுத்தே பழகிய கை.

அப்படி மடித்த நோட்டுகளை முதலாளி ஒருமுறை வாங்கி எண்ணியிருக்கிறார். கடை மூடுவதற்கு முந்தைய மாதம் அது. ஓய்வு பெற்ற பணத்தில் பாதியை ஒரு வெகுளி மனிதர் கொண்டுவந்து டைல்ஸுக்கு முன்பணமாகக் கட்டினார். கடை தள்ளாடுகிறது என்று தெரிந்தேதான் முதலாளி வாங்கினார். வாங்கி அன்று சாயங்காலமே வட்டிக்காரனிடம் கொடுத்தார்.

அந்த மனிதர்தான் இவர். நல்லவேளை, முதலாளி டைல்ஸ் வெட்டும் தூசிக்காக மூக்குவரை துண்டு கட்டியிருந்தார். கண்டக்டர் அவரைப் பார்த்தார், டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார், போய்விட்டார். அடையாளமே தெரியவில்லை. கடையில் பார்த்த முதலாளி தொந்தியும் மை பூசிய மீசையும் தேய்த்த சட்டையுமாக இருப்பார். இது பாதி உடம்பு, நரைத்த தாடி, கந்தல் பனியன். கூலிக்காரன் முகத்தை யார் நின்று பார்க்கிறார்கள்? தலை தப்பியது என்று முதலாளி குனிந்து வேலையைப் பார்த்தார். கேட்டால்தான் என்ன, உத்தரவு இருக்கிறது என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லியும் பார்த்தார். வாய்க்குள் மண் விழுந்த மாதிரி இருந்தது.

இரண்டாம் நாள் மேஸ்திரி வெள்ளை சிமெண்ட் வாங்கப் போயிருந்தார். கண்டக்டர் இரண்டு டம்ளர் டீயோடு வந்து, வாசற்படியில் உட்கார்ந்தார். பேச ஆள் கிடைக்காத மனிதர், ஒட்டிய இரண்டு வரிசையைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

"இந்தத் தரை அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே போட்டிருக்கணும். அட்வான்ஸும் குடுத்தேன். கடையே போயிடுச்சு."

ஏதாவது சொல்லியாக வேண்டும். "ஏமாத்திட்டானுங்களா?" என்றார் முதலாளி துண்டுக்குள்ளிருந்து.

"மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். வாராவாரம் திங்கக்கிழமை அவங்க வீட்டு வாசல்ல போய் நிப்பேன். சின்னப் பொண்ணு ஒண்ணு வரும். அப்பா இல்ல தாத்தான்னு சொல்லும். சரிம்மா, வந்தா சொல்லுன்னு வந்துடுவேன். ஒரு நாள் போறேன், அந்தப் பொண்ணு கதவைப் பாதி தொறந்து, அப்பா செத்துட்டாரு தாத்தான்னு சொல்லிச்சு."

முதலாளியின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது.

"கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணியில்ல. அதுதான்யா என்னை உலுக்கிடுச்சு. அழுதிருந்தா ஏதாவது ஆறுதல் சொல்லிட்டு வந்திருப்பேன். பன்னெண்டு வயசுக் கொழந்த அழக்கூட முடியாம மரத்துப்போய் நிக்குது. நான்தான் நடுத்தெருவுல நின்னு அழுதேன்." கண்டக்டர் டீயைக் கீழே வைத்தார். "கடன் தாங்காம மனுஷன் போயிருக்கான். வாசல்ல வந்து நின்னவங்கள்ல நானும் ஒருத்தன் இல்லையா? நானும் சேர்ந்துதானே கொன்னிருக்கேன்? இன்னிக்கும் திங்கக்கிழமைன்னா எனக்குச் சாப்பாடு எறங்காது. வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது, ஒங்கிட்ட சொல்றேன்."

தன் சாவை, தனக்காக அழுதவர் வாயால், டீ டம்ளரோடு உட்கார்ந்து கேட்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? முதலாளி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நகக்கண்ணில் சிமெண்ட் இருந்தது, தழும்பு இருந்தது, இருந்தும் அது யாருடைய கையோ போலிருந்தது.

"கோர்ட்டுலேருந்து கூட ஏதோ கடுதாசி வந்துச்சு. பங்கு வாங்கிக்கன்னு இருக்கும். பிரிச்சே பாக்கல. செத்தவன் வீட்டுல போய் என்ன பங்கு? அந்தப் பொண்ணை மட்டும் விடல. வருஷா வருஷம் பள்ளிக்கூட வாசல்ல பாத்து நோட்டு, புஸ்தகம், பரீட்சைப் பணம், என்னால முடிஞ்சது குடுத்துடுவேன். வாங்கவே மாட்டா. கெஞ்சிக் குடுப்பேன். தங்கமான பொண்ணு. இந்தச் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். அவங்கப்பா போட்டுத் தரவேண்டிய தரை இது. அவ கால்தான் மொதல்ல படணும்."

அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். "என்ன முதலாளி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றார். கண்டக்டர் அந்தப் பட்டப்பெயரைக் கேட்டுச் சிரித்தார்.

அன்று வீட்டுக்குப் போனதும் முதலாளி மகளைப் பார்த்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நீளமான புது நோட்டுகள் ஐந்து. பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்கள் என்று சொல்லியிருந்தாள். அப்பாவும் அம்மாவும் நம்பினார்கள். கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை அருகில் போனார். எப்படித் தொடங்குவது? நான் எந்தத் தேதியில் செத்தேன் பாப்பா என்றா? தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். வேண்டாம் என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

விடியற்காலையில் சமையலறையில் மனைவியிடம் சொன்னார். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டாள். முகத்தில் ஈயாடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, "விட்டுடுங்க" என்றாள்.

"எதை விடச் சொல்ற?"

"எல்லாத்தையும். இன்னும் மூணு நாள் வேலை. துண்டைக் கட்டிக்கிட்டு முடிச்சிட்டு வந்துடுங்க. அவர் கணக்குல நீங்க செத்தவர்னா செத்தவராவே இருந்துட்டுப் போங்களேன். யாருக்கு என்ன நஷ்டம்? இப்பத்தான் நிம்மதியா ரெண்டு வாய் சாப்பிடுறோம். அவளப் போய் அந்த மனுஷன் முன்னாடி பொய்க்காரின்னு நிறுத்தப் போறீங்களா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. எட்டு மாதமாகத்தான் அவள் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் யாருக்கு நஷ்டம் என்ற கேள்விக்கு முதலாளியிடம் பதில் இருந்தது. திங்கட்கிழமை தோறும் ஒரு மனிதர் சாப்பிடாமல் இருக்கிறார். செய்யாத கொலையைச் சுமந்துகொண்டு, கொலையுண்டவன் மகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வாயைத் திறந்தால் மகள் மாட்டிக்கொள்வாள். திறக்காவிட்டால் அந்த மனிதர் சாகும்வரை கொலைகாரர். இரண்டில் எதைச் செய்வது என்று தெரியாமல் முதலாளி மூன்று நாள் தரையைப் பார்த்தே காலத்தைக் கடத்தினார். பின்னறையில் ஒளிந்திருந்தபோது பழகிய வித்தை அது, சத்தம் போடாமல் பொழுதைப் போக்குவது. கண்டக்டர் ஒவ்வொரு நாளும் டீ கொண்டுவந்தார். அவர் உள்ளே போன பிறகுதான் முதலாளி துண்டை இறக்கிக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை கடைசி வரிசையும் முடிந்தது. மேஸ்திரிக்கு வேறு இடத்தில் வேலை. "நாளைக்கு நீங்களே போய் ஒருதடவ தட்டிப் பாத்து, சந்துக்குப் பவுடர் அடைச்சு, தொடச்சுக் குடுத்துட்டு வந்துடுங்க முதலாளி" என்று சொல்லிவிட்டார்.

பாப்பா பத்து மணிக்கு வருவாள் என்று கண்டக்டர் சொல்லியிருந்தார். முதலாளி ஆறு மணிக்கே போய்விட்டார். எட்டரைக்குள் முடித்துக் கம்பி நீட்டிவிடுவது என்று திட்டம். மண்டியிட்டு உள்ளறையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். கனமான சத்தம், கனமான சத்தம். மேஸ்திரி கை சுத்தமான கை. சந்துகளை அடைத்துத் துடைத்தார். கூடம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. மணி எட்டு. வாசற்படியை ஒட்டிய கடைசி டைல்ஸைத் தட்டினார்.

டொக்.

மறுபடி தட்டினார். அதே வெற்றுச் சத்தம். அது அவரே ஒட்டிய டைல்ஸ், நேற்று, கண்டக்டர் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தபோது அவசர அவசரமாக ஒட்டியது. அப்படியே விட்டால் ஒரு வருடம் தாங்கும். யாருக்கும் தெரியாது. ஆனால் வாசல் டைல்ஸ், போகிற வருகிற மிதியெல்லாம் அதன்மேல்தான். ஒருநாள் நடுவில் விரியும். கண்டக்டரிடம் பணம் வாங்கிய கையால் ஒருமுறை ஏமாற்றியாயிற்று, ஒட்டிய கையால் இன்னொரு முறையா? முதலாளி உளியை எடுத்தார். பெயர்த்து, பழைய கலவையைச் சுரண்டி, புதிதாகக் குழைத்து, மட்டம் பார்த்து முடிக்கக் குறைந்தது இரண்டு மணி நேரம். தெரிந்தேதான் எடுத்தார்.

பாப்பா பத்து மணிவரை காத்திருக்கவில்லை. ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள்.

முதலாளி வாசலில் மண்டியிட்டுக் கலவையைப் பரப்பிக்கொண்டிருந்தார். எதிரே இரண்டு செருப்புகள் வந்து நின்றன. வார் அறுந்து அவரே ஊசி போட்டுத் தைத்துக் கொடுத்த செருப்பு. நிமிர்ந்தார்.

துண்டுக்கு மேலே தெரிந்தது கண் மட்டும்தான். மகளுக்கு அது போதாதா? அவள் மூச்சு ஒரு கணம் நின்றது. அவ்வளவுதான். புருவம் அசையவில்லை, உதடு துடிக்கவில்லை. உள்ளேயிருந்து கண்டக்டர், "வா வா பாப்பா! வாசல்ல ஈரம், மிதிச்சுடாத!" என்று சந்தோஷமாகக் குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். அவள் முதலாளியைப் பார்த்தாள். வேற்று மனிதரைப் பார்க்கிற பார்வை. சாந்தமாகக் கேட்டாள்:

"அண்ணே, எந்தப் பக்கமா உள்ள வர்றது?"

பெற்ற மகள் அண்ணே என்கிறாள். கோபத்தில் இல்லை, வெறுப்பில் இல்லை. பின்னறையில் ஒளிந்திருந்த ஆளைக் காப்பாற்றின அதே முகம், அதே குரல். இப்போதும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். ஒரு சொல்லில் அவரை மறுபடி இருட்டறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே இருந்துகொள்ளலாம். பாதுகாப்பாக இருக்கலாம். இவளுக்கு இருபது வயதாகும், முப்பதாகும், இதே முகத்தோடு ஏதாவது ஒரு வாசலில் நின்றுகொண்டே இருப்பாள்.

அவர் துண்டை அவிழ்த்தார்.

"பாப்பா, போதும்மா" என்றார். பிறகு கண்டக்டர் பக்கம் திரும்பினார். "ஐயா, டைல்ஸ் கடைக்காரன் நான்தான். சாகல. அப்படிச் சொல்லச் சொன்னதும் நான்தான். கொழந்தைக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லலேன்னா அடிப்பேன்னு மிரட்டிச் சொல்ல வெச்சேன்."

கண்டக்டர் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார். நரைத்த தாடிக்கடியில் பழைய முகத்தைத் தேடுகிறார் என்று தெரிந்தது. கண்டுபிடித்த நேரமும் தெரிந்தது. கை போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டது.

"பொய் தாத்தா" என்றாள் பாப்பா. அவள் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. "இவரு சொல்லச் சொல்லல. இவருக்குத் தெரியவே தெரியாது. நானாத்தான் சொன்னேன்."

"பாப்பா, நீ சும்மா இரு!"

"நீங்க சும்மா இருங்க." அவள் கண்டக்டரிடம்தான் பேசினாள். "மத்தவங்க எல்லாம் கத்துவாங்க தாத்தா. கத்துறவங்ககிட்ட பொய் சொல்றது ஈசி. நீங்க கத்தவே மாட்டீங்க. சரிம்மா, வந்தா சொல்லும்மான்னு சொல்லிட்டுப் போவீங்க. ஒரு தடவ மழையில நனைஞ்சுக்கிட்டுப் போனீங்க. என்னால முடியல. இன்னொரு திங்கக்கிழமை ஒங்க முகத்தப் பாத்து அப்பா இல்லன்னு சொல்ல முடியல. அதான் ஒரேயடியா முடிச்சிட்டேன். சொல்லிட்டு உள்ள வந்தேன். இவரு குளிக்கிற ரூம்ல வாளிகிட்ட உக்காந்திருந்தாரு, நான் சொன்னது காதுல விழல. யாரும்மா அதுன்னு கேட்டாரு. எனக்கு பயமா இருந்துச்சு தாத்தா. செத்தவங்க பேசுற மாதிரியே இருந்துச்சு. அதுக்கப்புறம் எப்பப் பேசினாலும் அப்படித்தான் இருக்கு."

நான்கு வருடமாக ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, மகள் தன்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள் என்பது முதலாளிக்கு அப்போதுதான் தெரிந்தது. கடன்காரர்கள் யாரும் அவரை இப்படி அடித்ததில்லை.

"ரெண்டு பேர்ல யார் சொன்னா எனக்கென்ன?" என்றார் கண்டக்டர். "நான் அழுதேனே. நான் அழுதது நெஜந்தானே. அப்ப யாருக்குய்யா அழுதேன் நான்?"

கண்டக்டர் உள்ளே போனார். மேசையில் பாப்பாவுக்கென்று வாங்கி வைத்திருந்த ஒரு பொட்டலம் இருந்தது. அதை எடுத்து அலமாரிக்குள் வைத்து மூடினார். பாப்பா பார்த்துக்கொண்டு நின்றாள். குழாயில் முகம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. முதலாளி எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ஓடுவதாக அவர் நினைத்துவிடுவாரோ என்று பயம்.

கண்டக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. ஆனால் நான்கைந்து நாளாகப் பார்த்த மனிதரைவிட நிமிர்ந்து நின்றார். நான்கு வருடத்துப் பாரம் ஒன்று இறங்கியிருந்ததோ என்னவோ, அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்திருந்தது. நல்ல, ஆரோக்கியமான கோபம்.

"செத்தவன்கிட்ட கேக்கக் கூடாதுன்னு விட்டேன்" என்றார். "நீ குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்க. என் காசு எங்கய்யா?"

உத்தரவு இருக்கிறது என்று முதலாளி சொல்லியிருக்கலாம். சட்டப்படி கேட்கவே முடியாது என்று சொல்லியிருக்கலாம். மனைவி இங்கே இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள், அவள் பக்கத்தில் நியாயமும் இருந்திருக்கும். ஆனால் ஒருவர் தன்னைக் கண்ணுக்கு நேரே பார்த்து, உயிரோடிருக்கிற ஆளாக மதித்து, கோபமாகக் கேட்கிறார். ஐந்து வருடத்தில் யாரும் இப்படிக் கேட்டபோது அவர் எதிரே இருந்ததில்லை. முதலாளிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துண்டால் மறைக்காமல் அழுதார்.

"குடுக்கணும் ஐயா" என்றார். "குடுக்குறேன்."

"எப்ப?"

"நானும் படிப்ப முடிச்சு வேலைக்குப் போய்..." என்று ஆரம்பித்தாள் பாப்பா.

"நீ பேசாத!" இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் அதட்டினார்கள்.

அதட்டிவிட்டு இருவருமே ஒருவரையொருவர் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கண்டக்டர்தான் முதலில் பேசினார். முகம் இளகவில்லை, குரலும் இளகவில்லை.

"கலவை காயுது பாரு. அதை வெச்சு முடி. முடிச்சிட்டு உள்ள வா. எப்ப எவ்வளவுன்னு உக்காந்து பேசணும்."

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு டைல்ஸை இரண்டு கையாலும் தூக்கினார். ஒரு முனை சாய்ந்தது. பாப்பா சட்டென்று குந்தி உட்கார்ந்து அந்த முனையைப் பிடித்தாள். அவள் விரல் அவர் விரல்மேல் பட்டது. உடனே எடுத்துக்கொள்ளவில்லை. சூடு இருக்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி அங்கேயே வைத்திருந்தாள்.